எண்பது வயதிலும் நீல வானம்

ஐரோப்பாவிலிருந்து பம்பாய்க்குத் திரும்பும் கப்பல்களின் மேல்தளத்தில் சாய்வு நாற்காலி போட்டு அமர்ந்து, மத்தியதரைக் கடலின் ஆழ்ந்த நீலத்தைக் கண்ணாரக் கண்டு, 'ஆகா, எவ்வளவு அழகு!' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, மறுகணமே பத்திரிகையையோ சீட்டுக்கட்டையோ கையில் எடுத்துக்கொண்ட பிரயாணிகள் எத்தனை ஆயிரம் பேர் இருந்திருப்பார்கள்! 1921ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில், ஆக்ஸ்போர்டில் நடந்த பல்கலைக்கழக மகாநாடு ஒன்றில் கலந்துகொண்டுவிட்டு, 'நர்குண்டா' என்னும் கப்பலில் அதே மார்க்கமாகத் தாயகம் திரும்பிக்கொண்டிருந்த 32 வயதுத் தமிழர் ஒருவரும் அந்த நீலத்தைக் கண்டார். கண்டவருக்கு அதை விட்டுக் கண்ணை எடுக்க மனம் வரவில்லை. கடல் ஏன் நீலமாக இருக்கிறது என்ற கேள்வி, கடலை முதன்முதலாகப் பார்க்கும் ஐந்து வயதுக் குழந்தையின் உள்ளத்தில் எழுவதைப் போலவே, கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் பௌதிகப் பேராசிரியராகிய அவர் உள்ளத்திலும் எழுந்தது. அவர்தாம் சந்திரசேகர வேங்கட இராமன்.

அக்கேள்விக்கு விடை ஏற்கெனவே சொல்லப்பட்டிருந்தது என்பதையும், சொன்னவர் சாமானியர் அல்லர் என்பதையும் வாசகர்கள் நினைவிற் கொள்ள வேண்டும். வானம் ஏன் நீலமாகத் தெரிகிறது என்பதைக் கணிதத்தால் நிறுவிக் காட்டிய ராலே பிரபு, கடலின் நீலம் வானத்தின் நீலம் நீர்ப்பரப்பில் பிரதிபலிப்பதேயன்றி வேறல்ல என்று தீர்ப்பளித்திருந்தார். உலகமும் அதை ஏற்றுக்கொண்டு நிம்மதியாக இருந்தது. இராமனுக்கோ அந்த நிம்மதி கிட்டவில்லை. அவர் கையோடு கொண்டுசென்றிருந்த சிறிய 'நிகோல்' பட்டகத்தைக் கண்ணருகே வைத்து, நீர்ப்பரப்பிலிருந்து பிரதிபலித்து வரும் ஒளி பெரும்பாலும் அடைபட்டுப் போகும் கோணத்தில் அதைத் திருப்பிக் கடலை நோக்கினார். வானத்தின் பிரதிபலிப்புத்தான் நீலத்துக்குக் காரணமென்றால், அதை அகற்றியவுடன் நீலமும் அகன்றிருக்க வேண்டும். அகலவில்லை, அதற்கு மாறாக, மேலே படர்ந்திருந்த பளபளப்பு நீங்கியதால் நீலம் முன்னிலும் அழுத்தமாகத் துலங்கியது. கடல் வானத்திடம் நிறத்தை இரவல் வாங்கவில்லை. நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறச் செய்து அந்நிறத்தைத் தருகின்றன என்ற முடிவுக்கு வந்த இராமன், கப்பல் பம்பாய்த் துறைமுகத்தை அடைந்தபோதே லண்டனிலிருந்து வெளியாகும் 'நேச்சர்' இதழுக்குக் கடிதத்தைச் சித்தமாக வைத்திருந்தார். (நீர் சிவப்பு ஒளியை மிகுதியாக உட்கொண்டுவிடுவதும் அந்த நீலத்துக்கு ஒரு முக்கிய காரணம் என்று இன்று அறிகிறோம். அதனால் அவர் கேள்வியின் பெருமை குறைந்துவிடாது.) அங்கே தொடங்கிய தேடல்தான், 1928ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் தேதி, மாணவர் கே. எஸ். கிருஷ்ணன் போன்றோரின் உழைப்போடு, சிதறும் ஒளியில் ஒரு சிறு பகுதி தன் நிறத்தையே மாற்றிக்கொள்கிறது என்ற கண்டுபிடிப்பாகக் கனிந்து, இரண்டு ஆண்டுகளில் நோபல் பரிசையும் கொண்டுவந்து சேர்த்தது.

இதை விஞ்ஞானத்தின் வெற்றிக் கதையாகப் பலர் பலமுறை எழுதிவிட்டார்கள். நான் இங்கே சொல்ல விரும்புவது வேறொன்று. குழந்தைக்குரிய வியப்பும் விளையாட்டும் நம்பிக்கையும் மீசை அரும்பும் பருவத்தில் தாமாகவே உதிர்ந்து போகும் பாற்பற்கள் என்று நம்மில் பெரும்பாலோர் எண்ணுகிறோம். குடும்ப பாரமும் உத்தியோகமும் வந்த பிறகு அவற்றைப் பற்றிப் பேசுவது அவகாசம் உள்ளவர்களின் ஆடம்பரம் என்றும் கருதுகிறோம். இராமனுடைய வாழ்க்கையைச் சற்று நிதானமாகப் பார்க்கிறவர்களுக்கு இவ்வெண்ணம் எவ்வளவு பிழையானது என்பது விளங்கும். அவர் பத்தாண்டுக் காலம் கணக்கு அதிகாரியாக இருந்தவர்.

1888ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் தேதி திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவலில் பிறந்து, தந்தையார் சந்திரசேகர ஐயர் கல்லூரி ஆசிரியராக இருந்த விசாகப்பட்டினத்தில் கடலோரத்தில் வளர்ந்த இராமன், சென்னை மாநிலக் கல்லூரியில் பட்டகத்தின் கோணத்தை அளக்கும் சாதாரண வகுப்புப் பயிற்சி ஒன்றைச் செய்துகொண்டிருக்கும்போது, பாடப்புத்தகத்தில் சொல்லப்படாத சில ஒளிப்பட்டைகளைக் கண்டு, அவை ஏன் தோன்றின என்று ஆராயப் புகுந்தார். அதன் பயனாகத் தம் 18ஆம் வயதில், 1906இல், லண்டன் பத்திரிகை ஒன்றில் ஒரு கட்டுரையை வெளியிட்டுவிட்டார். ஆயினும் விஞ்ஞானத்தால் பிழைக்க அக்காலத்தில் நம் நாட்டில் வழியில்லாமையால், நிதித்துறைப் பரீட்சை எழுதித் தேறி, 1907இல் கல்கத்தாவில் உதவிக் கணக்காயராக உத்தியோகம் ஏற்றார். வரவு செலவுக் கோப்புகளும், கையொப்பங்களும், தணிக்கைக் குறிப்புகளும் நிறைந்த அந்த அலுவலகத்திலேயே அவருடைய குழந்தையுள்ளம் மெல்ல மெல்ல அடங்கிப் போயிருக்குமானால், அதற்காக அவரை எவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். எத்தனையோ பிரகாசமான இளைஞர்கள் அவ்வாறு அடங்கிப் போனார்கள், இன்றும் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

ஆனால் டிராம் வண்டியில் போகும்போது பவ்பஜார் தெருவில் 'இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகம்' என்ற பலகை கண்ணில் பட்டது. மகேந்திரலால் சர்க்கார் என்னும் வைத்தியர் 1876இல் பெருங்கனவோடு நிறுவிய அக்கழகம், கருவிகள் இருந்தும் கையாள்வாரின்றித் தூங்கிக் கிடந்தது. இராமன் அதன் கதவைத் தட்டினார். ஆசுதோஷ் டே என்ற ஊழியர் திறந்தார். அன்றுமுதல் விடியற்காலையில் எழுந்து கழகத்துக்குப் போய் ஆராய்ச்சி செய்வதும், பத்து மணிக்குள் அலுவலகம் போவதும், மாலையில் மீண்டும் கழகத்துக்கு வந்து இரவு வரை இருப்பதும் அவருடைய நித்திய கர்மங்கள் ஆயின. இடையே ரங்கூனுக்கும் நாகபுரிக்கும் மாற்றலாகிச் சென்றபோது கழகம் அருகில் இல்லை. நாகபுரியில் குடியிருந்த வீட்டையே ஆராய்ச்சிக் கூடமாக்கிக்கொண்டார். பிறகு 1917இல், கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் சார்பில் ஆசுதோஷ் முகர்ஜி விடுத்த அழைப்பை ஏற்று, பெரிய சம்பளம் தந்த பதவியை உதறிவிட்டு, அதைவிடக் குறைந்த ஊதியத்தில் பேராசிரியரானார். அவர் பதவியை உதறிய வீரத்தை எல்லோரும் புகழ்கிறார்கள். எனக்கோ, உதறுவதற்கு முந்திய அந்தப் பத்தாண்டுகளே பெரிதாகத் தோன்றுகின்றன; ஏனெனில் உதறிவிடுவது எல்லோருக்கும் சாத்தியமல்ல, பவ்பஜாரில் இறங்குவது சாத்தியம்.

அந்தப் பத்தாண்டுகளில் அவர் என்னவெல்லாம் ஆராய்ந்தார் என்ற பட்டியலைப் பார்த்தால் விளையாட்டுச் சாமான்களின் பட்டியலோ என்று தோன்றும். அதிரும் தந்திகள், வில் பட்டால் அழும் வயலின், ஏக்தாரா என்னும் ஒற்றைத் தந்தி வாத்தியம், பிறகு வீணை, தம்புரா! தந்தையார் வயலின் வாசித்தவர்; மனைவி லோகசுந்தரி வீணை வாசித்தவர்; ஆகவே நாதம் அவர் வீட்டில் குடியிருந்த பொருள். ஆனாலும் வீட்டில் தினமும் கேட்கும் நாதத்தைப் பற்றி யார் கேள்வி கேட்கிறார்கள்?

மிருதங்கத்தின் கதை இதற்கு மிகச் சிறந்த சான்று. சாதாரண முரசு ஒன்றைத் தட்டினால், தோலின் அதிர்வுகளில் பிறக்கும் மேற்சுரங்கள் அடிப்படைச் சுரத்தோடு முழுஎண் விகிதத்தில் அமைவதில்லை; அதனால்தான் முரசொலி முழக்கமாக இருக்கிறதேயொழியச் சுருதியாக இருப்பதில்லை. மேல்நாட்டார் பெரும்பாலான முரசுகளை ஓசைக் கருவிகளாகவே ஒதுக்கி வைத்ததற்கும் இதுவே காரணம். ஆனால் நம் மிருதங்கத்தின் வலந்தலை தம்புராவோடு சேர்ந்து சுருதி கூட்டி நிற்கிறதே, எப்படி? சபைகளில் ஆயிரம் பேர் ஆயிரம் கச்சேரிகளில் தலையாட்டிக் கேட்ட அந்தச் சுநாதத்தைப் பற்றி இராமன் கேட்ட கேள்வி இதுதான். விடை, வலந்தலையின் நடுவே அடுக்கடுக்காகத் தேய்த்து ஏற்றப்படும் 'சோறு' என்னும் கருமையான கரணையில் இருந்தது. தோலின் மையத்தில் அப்பாரத்தை அளவறிந்து ஏற்றுவதனால், தாறுமாறாக இருந்திருக்க வேண்டிய அதிர்வுகள் ஒன்றுகூடி ஐந்து இசைவான சுரங்களாகத் திரள்கின்றன என்று அவர் கண்டார். தோலின்மேல் மணலைத் தூவி, அது அதிராத கோடுகளில் ஒதுங்கி வரையும் சித்திரங்களைப் படம் பிடித்துக் காட்டினார். 1920இல் தொடங்கிய இவ்வாராய்ச்சிக்கு 1934இல், நோபல் பரிசெல்லாம் பெற்று உலகப் புகழின் உச்சியில் இருந்தபோது, மறுபடியும் திரும்பி வந்தார் என்பது கவனிக்கத் தக்கது. மிருதங்கத்தின் மேல் மணலைத் தூவி வேடிக்கை பார்ப்பது தம் கௌரவத்துக்குக் குறைவென்று அவர் எண்ணவில்லை. பெயர் தெரியாத நம் மிருதங்கத் தொழிலாளர்கள் செவியாலும் விரலாலும் எட்டியிருந்த ஒரு நுட்பத்தை உலகுக்கு எடுத்துச் சொல்வதில் அவருக்கிருந்த ஆனந்தம், அக்கட்டுரைகளைப் படிப்போர்க்கு இன்றும் புலப்படும்.

லண்டனுக்குப் போனார், செயின்ட் பால் ஆலயத்தின் விதானத்தடியில், ஒரு பக்கம் சுவரோரமாக முணுமுணுத்தால் எதிர்ப்பக்கத்தில் தெளிவாகக் கேட்கும் வட்ட மாடத்தில், எல்லோரும் முணுமுணுத்துவிட்டுச் சிரித்துக்கொண்டு இறங்கிப் போக, அவர் அங்கே சோதனைகள் நடத்திக் கட்டுரை எழுதினார். ஊர் திரும்பியதும் பீஜப்பூர் கோல்கும்பஸின் எதிரொலியையும் அதே ஆவலோடு ஆராய்ந்தார். போகுமிடமெல்லாம் உலகம் அவருக்கு ஏதேனும் ஒன்றைக் காட்டிற்று என்பதை விட, காட்டியதையெல்லாம் அவர் நின்று பார்த்தார் என்பதே பொருந்தும்.

நம் முன்னோர் இம்மனோபாவத்தை அறியாதவர்கள் அல்லர். தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எண்வகை மெய்ப்பாடுகளுள் மருட்கையாகிய வியப்பையும் ஒன்றாக வைத்து, அது புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்னும் நான்கின்கண் தோன்றும் என்கிறார். மலையைக் கண்டு வியப்பது எவர்க்கும் எளிது. கடுகளவான பொருளின் சிறுமையிலும், ஒன்று மற்றொன்றாக மாறும் ஆக்கத்திலும் வியப்பதற்கு இடமுண்டு என்று அவர் கண்டது மிக நுட்பமான பார்வை. அதைவிடவும் என் உள்ளத்தைக் கவர்வது, உவகை பிறக்கும் நான்கு நிலைக்களன்களுள் செல்வத்தோடும் புலனோடும் புணர்வோடும் விளையாட்டையும் அவர் சேர்த்திருப்பது. வளர்ந்த ஆடவரும் பெண்டிரும் வாழும் வாழ்வைப் பாடும் இலக்கியத்துக்கு இலக்கணம் வகுக்கும்போது, செல்வத்துக்குக் கொடுத்த ஆசனத்தை விளையாட்டுக்கும் கொடுத்த அந்தப் பெருந்தகையின் சமநோக்கு, விளையாட்டு என்றாலே பரீட்சைக்கு விரோதம் என்று கருதும் இன்றைய வீடுகளில் எத்தனை பேருக்கு வாய்த்திருக்கிறது?

வியப்பு எவ்வாறு அழிகிறது என்பதை ஆராய்ந்தால், அது முதுமையால் அழிவதில்லை, வெட்கத்தால் அழிகிறது என்பதே என் எண்ணம். குழந்தை 'ஏன்?' என்று கேட்கும்போது அதற்குத் தெரியாமையைப் பற்றிய லஜ்ஜை கிடையாது. பள்ளியில் ஒருநாள் அது கேட்ட கேள்விக்கு வகுப்பே சிரிக்கிறது. மறுநாள் முதல் அது தெரிந்தாற்போல் தலையாட்டக் கற்றுக்கொள்கிறது. பிறகு உத்தியோகத்தில் கேள்வி கேட்பவன் அறியாதவன் என்ற பெயர் எடுக்கிறான். வீட்டில் நிலாவைப் பார்த்துக்கொண்டு நிற்கும் தகப்பனை, 'வேறு வேலை இல்லையா?' என்று கேட்கிறார்கள். இப்படியாகப் பரிகாசத்துக்கு அஞ்சி அஞ்சியே, வியக்கத் தெரிந்தவன் வியக்காதவனைப் போல நடிக்கத் தொடங்கி, இருபது வருஷம் நடித்தபின், நடிப்பே சுபாவமாகி விடுகிறது. கைபேசியைக் குற்றம் சொல்வது இன்றைய வழக்கம். அது வருவதற்கு வெகுகாலம் முன்பே இந்த நாடகம் நடந்துகொண்டுதான் இருந்தது.

இந்த வெட்கத்தை வென்ற இன்னொருவரை இங்கே நினைத்துக்கொள்கிறேன். அமெரிக்க பௌதிக அறிஞர் ரிச்சர்ட் ஃபைன்மன், இரண்டாம் உலக யுத்தத்தில் அணுகுண்டு வேலையில் ஈடுபட்டு, யுத்தம் முடிந்து கார்னெல் பல்கலைக்கழகத்துக்கு வந்தபோது, உள்ளம் வறண்டு, இனித் தம்மால் ஒன்றும் ஆகாது என்ற சோர்வில் இருந்தார். முக்கியமானதைச் செய்ய வேண்டும் என்ற கவலையை விட்டுவிட்டு, பழையபடி விளையாட்டாகவே பௌதிகத்தைப் பார்ப்பதென்று முடிவு செய்துகொண்ட சமயத்தில், உணவு விடுதியில் யாரோ ஒருவர் தட்டொன்றை மேலே வீசினார். அது சுழன்றுகொண்டே தள்ளாடியது. சுழற்சிக்கும் தள்ளாட்டத்துக்கும் என்ன விகிதம் என்று கணக்குப் போட்டுப் பார்த்த ஃபைன்மனிடம், இதில் என்ன பிரயோஜனம் என்று மூத்த சகாவான பெதே கேட்க, பிரயோஜனம் ஒன்றுமில்லை, வேடிக்கைக்காகச் செய்கிறேன் என்றாராம். அந்த வேடிக்கையிலிருந்தே தம் பழைய ஆராய்ச்சிக்குத் திரும்பியதையும், 1965இல் கிடைத்த நோபல் பரிசின் வேர் அங்கே இருந்ததையும் பின்னாளில் அவரே எழுதினார்.

விளையாடினால் நோபல் கிடைக்கும் என்று சொல்வதற்காக இதை எடுத்துக்காட்டவில்லை. பரிசு ஒன்றும் கிடைக்காமல் போயிருந்தாலும் அந்தத் தட்டு அவருக்கு வாழ்வை மீட்டுக் கொடுத்தது. வறண்ட உள்ளத்துக்கு அதுவே போதும்.

நம்பிக்கை என்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. எல்லாம் நன்றாகவே நடக்கும் என்று சொல்லிக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வது நம்பிக்கையாகாது. கேள்வி ஒன்றைக் கேட்டால் உலகம் அதற்கு விடை வைத்திருக்கிறது, அந்த விடை பொறுமையாகத் தேடுபவனுக்குக் கிட்டும் என்ற உறுதி இருக்கிறதே, அதுதான் குழந்தையிடம் நாம் காணும் நம்பிக்கை. இராமனிடம் அது அளவு கடந்தே இருந்தது. 1930இல் பரிசு அறிவிக்கப்படுவதற்குச் சில மாதங்களுக்கு முன்பே, டிசம்பரில் ஸ்டாக்ஹோம் போய்ச் சேரும்படி தமக்கும் மனைவிக்கும் கப்பல் டிக்கெட் பதிவு செய்துவிட்டார் என்று அவர் சரித்திரத்தை எழுதியவர்கள் கூறுகிறார்கள்.

அவருடைய வாழ்வு ஆனந்தமாகவே ஓடியது என்று எழுதினால் அது சத்தியத்துக்கு விரோதமாகும். பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் இயக்குநர் பதவியை 1933இல் ஏற்றவர், கடும் பூசல்களுக்குப் பிறகு 1937இல் அதைத் துறக்க நேர்ந்தது. படிகங்களின் அதிர்வு பற்றிப் பௌதிக அறிஞர் மாக்ஸ் பார்னுடன் நடந்த வாதம் நீண்டு கசந்தது. அவர் முன்கோபி, தம் கருத்தில் பிடிவாதமுள்ளவர், பிற்காலத்தில் அரசாங்கத்தின் மீதும் சக விஞ்ஞானிகளின் மீதும் மனக்கசப்புக் கொண்டு பெரும்பாலும் தனித்தே வாழ்ந்தார். குழந்தையுள்ளம் படைத்தோர் எல்லாம் சாந்த சொரூபிகளாக இருப்பார்கள் என்பது நம் கற்பனை. ஆனால் அந்தக் கசப்பின் நடுவிலும் அவர் தொடங்கிய ஆராய்ச்சிகளைப் பாருங்கள். நூற்றுக்கணக்கான வைரங்களைச் சேர்த்து, அவை புறஊதாக் கதிரில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக ஒளிர்வதைக் கண்டார். முத்தின் பளபளப்பும், சிப்பியின் உட்புறத்து வானவில்லும், ஓபல் கல்லின் வர்ணஜாலமும் எங்கிருந்து வருகின்றன என்று கேட்டார். 1948இல் தாம் நிறுவிய ஆராய்ச்சி நிலையத்தைச் சுற்றி மரங்களையும் ரோஜாக்களையும் வளர்த்து, பூக்களின் நிறங்களையும், அந்நிறங்களை நம் கண் எவ்வாறு அறிகிறது என்பதையும் பற்றி ஆராய்ந்து, 80 வயதை எட்டும் தறுவாயில் அதைப் பற்றி ஒரு நூலும் எழுதினார். அந்நூலின் முடிவுகள் அனைத்தையும் பிற விஞ்ஞானிகள் ஏற்றுக்கொள்ளவில்லை. அதனாலென்ன? மனிதர்களோடு பிணங்கிய அந்த முதியவர் ரோஜாப்பூவோடு கடைசிவரை பிணங்கவில்லை. மனக்கசப்பு வந்தால் வியப்பு போய்விடும் என்பதில்லை. இரண்டும் ஒரே மார்பில் குடியிருக்கக் கூடும். ஏமாற்றங்களால் நொந்திருக்கும் வாசகர் எவரேனும் இதைப் படிப்பாராயின், அவருக்கு இதைவிட ஆறுதலான செய்தி என்னிடம் இல்லை.

விஞ்ஞானிகளுக்கு மட்டுமே இது கைகூடும் என்று சொல்வோர்க்கு, இராமன் பிறந்த அதே நவம்பர் 7ஆம் தேதி, 1922இல், புதுக்கோட்டைச் சீமை இராயவரத்தில் பிறந்த அழ. வள்ளியப்பாவைக் காட்டுகிறேன். இந்தியன் வங்கியில் பல்லாண்டுகள் பணியாற்றிய அவரும் பகலெல்லாம் கணக்கோடு உறவாடியவரே. அந்தப் பேரேடுகளுக்கு நடுவிலிருந்துதான் மாம்பழமும், மாடும், கடிகாரமும், ரயிலும், பொம்மையும் நிறைந்த ஒரு பாட்டுலகம் பிறந்தது. தமிழ்நாட்டுத் தாய்மார்கள் இரண்டு மூன்று தலைமுறைகளாகப் பாடி வருகிற பாட்டுலகம் அது. தாம் எழுதியதோடு நில்லாமல், 1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கத்தைத் தோற்றுவித்து, மற்றவர்களையும் குழந்தைகளுக்காக எழுதத் தூண்டினார். வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு சாய்ந்து உட்காராமல் 'கோகுலம்' சிறுவர் இதழின் ஆசிரியரானார். குழந்தைக் கவிஞர் என்று நாடு அவரை அழைத்ததை அவர் பெருமையாகவே கொண்டார். காலையில் வட்டி கணக்கிட்ட கை மாலையில் நாய்க்குட்டியைப் பற்றி எழுதுவதற்குக் கூசவில்லை என்பதில் அடங்கியிருக்கிறது அவருடைய மேதை.

பொறுப்பைத் தட்டிக் கழிப்பதையும், நினைத்தது கிடைக்காவிட்டால் அடம் பிடிப்பதையும், தன்னைச் சுற்றியே உலகம் சுழல வேண்டும் என்று எதிர்பார்ப்பதையும் குழந்தை உள்ளம் என்று சொல்லிச் சிலர் நியாயம் தேடுவதுண்டு. அவை குழந்தையினிடத்தில் வளர்ச்சியால் தீர வேண்டிய குறைகள். பெரியவரிடத்தில் தங்கியிருந்தால் பிறர்க்குத் துன்பம். வள்ளியப்பா சம்பளம் வாங்கிய வேலையைச் செய்தார். இராமன் தணிக்கைக் கோப்புகளில் குறை வைக்காமலே பவ்பஜாருக்குப் போய்வந்தார்.

1968ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் தேதி, ஆமதாபாத்தில் சமுதாய விஞ்ஞான மையம் ஒன்றுக்கு அடிக்கல் நாட்டச் சென்ற இராமனுக்கு வயது 80. பாரத ரத்னா பெற்ற அந்தப் பெரியவர் அவ்விழாவில் பேசுவதற்கு எடுத்துக்கொண்ட பொருள், வானம் ஏன் நீலமாக இருக்கிறது என்பது. தலையை உயர்த்தி வானத்தைப் பாருங்கள் என்பதுதான் அவர் பேச்சின் சாரம்; விடையைச் சுருக்கிச் சொல்லி முடித்துவிடாமல், பகல் வானத்தையும் மேகத்தையும் நட்சத்திர இரவையும் ஒவ்வொன்றாகக் காட்டி, கேட்போரைத் தம்மோடு கேள்வி கேட்க வைத்துக்கொண்டே போனார். இரண்டு ஆண்டுகளில், 1970 நவம்பர் 21இல், அவர் காலமானார்.

அப்பேச்சு அச்சில் வந்திருக்கிறது. ஆங்கிலத்தில் மிக எளிய நடையில் இருக்கிறது. பள்ளி ஆசிரியர்கள் யாரேனும் அதைத் தமிழில் தம் மாணவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பெற்றோர்க்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. சென்னையிலோ திருச்சியிலோ உள்ள கோளரங்கத்துக்குக் குழந்தைகளை அழைத்துச் செல்லும்போது, அவர்களை உள்ளே அனுப்பிவிட்டு வாசலில் காத்திருக்காதீர்கள். உங்களுக்கும் ஒரு சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போய் உட்காருங்கள், வெளியே வந்ததும் உங்கள் குழந்தை கேட்பதற்கு முன்பாக நீங்கள் ஒரு கேள்வி கேளுங்கள்.